கறுப்பில் அடித்து ஆடுகிறேன், ஆனால் அடி எனக்கே விழுகிறது: கிங்ஸ் இந்தியன், டிராகன் பழுது பார்க்கும் வழி

சதுரங்கத்தில் கறுப்புக்குப் பல தொடக்க முறைகள் உண்டு. வெள்ளை டி4 ஆடினால் கிங்ஸ் இந்தியன், இ4 ஆடினால் சிசிலியன் டிராகன். கறுப்புக் காய்களில் அடித்து ஆட ஆசைப்படுகிறவர்களின் நோட்டில் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். இரண்டிலும் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, ஜி7-இல் பிஷப்பை உட்கார வைக்கிறோம். அதனால் ஒன்றைப் படித்தால் மற்றொன்று பாதி வந்துவிட்டது போலத் தோன்றும். நானும் அந்த நம்பிக்கையில்தான் ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் விதவிதமாகத் தோற்றேன்.

அந்தத் தோல்விகளை வகைபிரித்ததில் கிடைத்தவைதான் கீழே உள்ள அறிகுறிகள். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. தோற்ற கடைசிப் பத்து ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும், மனப்பாடம் தீர்ந்து சொந்தமாக யோசிக்கத் தொடங்கிய நகர்வின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். காயை இழந்த நகர்வைத் தேடாதீர்கள், அது வெறும் விளைவு. புள்ளிகள் எங்கே குவிகின்றனவோ அந்த அறிகுறிக்குப் போங்கள்.

கட்டங்களை ஏ1 முதல் எச்8 வரை எழுதியிருக்கிறேன். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய். × என்றால் வெட்டு, எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. ‘கோட்டை’ என்பது ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறிக் கோட்டை கட்டுவது. ஏ முதல் டி வரை ராணி பக்கம், இ முதல் எச் வரை ராஜா பக்கம். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அறிகுறி: எட்டு நகர்வு மளமளவென்று வருகிறது, ஒன்பதாவதில் கை நின்றுவிடுகிறது

கிங்ஸ் இந்தியனின் முக்கியப் பாதை இது: 1.டி4 குதிரை எஃப்6 2.சி4 ஜி6 3.குதிரை சி3 பிஷப் ஜி7 4.இ4 டி6 5.குதிரை எஃப்3 கோட்டை 6.பிஷப் இ2 இ5 7.கோட்டை குதிரை சி6 8.டி5 குதிரை இ7. இதுவரை எல்லோருக்கும் வரும். ஒன்பதாவது நகர்வில் வெள்ளைக்குப் பல வழிகள் இருக்கின்றன. நாம் படித்தது அதில் ஒன்றை மட்டும்.

இங்கே நகர்வுகளை இன்னும் மனப்பாடம் செய்வது மருந்தாகாது. மையம் பூட்டிக்கொண்டது. நம் சிப்பாய்கள் டி6, இ5 என்று ராஜா பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கின்றன; ஆகவே உடைக்க வேண்டிய சிப்பாய் எஃப் சிப்பாய். அதன் வழியை மறித்து நிற்பது நம் சொந்தக் குதிரை, எஃப்6-இல். எனவே கேள்வி ஒன்றுதான்: அந்தக் குதிரை எங்கே போகும்?

வெள்ளை 9.குதிரை இ1 ஆடினால், இ2 பிஷப்புக்கு எச்5 வரை பாதை திறந்துவிடுகிறது. நம் குதிரை எச்5 போனால் பிஷப் அதை வெட்டும், ஜி சிப்பாயால் நாம் திருப்பி எடுப்போம், ராணி வந்து அந்தச் சிப்பாயைத் தின்றுவிடும். ஆகவே குதிரை டி7. மாறாக வெள்ளை 9.பி4 ஆடினால், அவருடைய எஃப்3 குதிரை இன்னும் பிஷப்பின் பாதையை மறித்துக்கொண்டு நிற்கிறது. அப்போது நம் குதிரை தாராளமாக எச்5 போகலாம், அங்கிருந்து எஃப்4-ஐப் பார்க்கலாம். இரண்டு பதில்களும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. காரணம் தெரிந்தவர் நகர்வை மறந்தாலும் பலகையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

(அந்த பி4 சாதாரண நகர்வு இல்லை. 1997-இல் நோவ்கொரோடில் விளாதிமிர் கிராம்னிக் அதைக் கொண்டுதான் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றார். அதற்குப் பிறகு காஸ்பரோவ் கிங்ஸ் இந்தியனையே ஓரம்கட்டினார். அதற்காக நாமும் ஓரம்கட்ட வேண்டியதில்லை. நம் எதிரில் உட்காருகிறவர் கிராம்னிக் இல்லை.)

இதே இடத்தில் இன்னொரு பழுது உண்டு. சி8 பிஷப் வீட்டிலேயே கிடக்கிறதே என்று பதறி அதை ஜி4-க்குக் கொண்டுபோய் எதிராளியின் குதிரைக்கு மாற்றிக்கொடுப்பது. எல்லாக் காய்களையும் வெளியே கொண்டுவா என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்ததன் விளைவு. கிங்ஸ் இந்தியனில் அந்த பிஷப் நகராமலே வேலை செய்கிறது: சி8-இலிருந்து எச்3 வரை நேர்க்கோடு. கடைசியில் வெள்ளை ராஜாவின் முன்னால் வந்து விழுந்து கூரையைப் பிய்க்கப்போவது அதுதான். வாய்ப்புக் கிடைத்தால் வெள்ளை தன் நல்ல குதிரையைக்கூடக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வார்.

அறிகுறி: என் தாக்குதல் எப்போதும் ஒரு நகர்வு தாமதம்

இதுதான் பெரிய நோய். வெள்ளை ராணி பக்கம் உடைக்கிறார், நாம் ராஜா பக்கம் போகிறோம். யார் முதலில் என்பது பந்தயம். நாம் எப்போதும் இரண்டாவதாக வருகிறோம், டி6 விழுகிறது, சி7-இல் குதிரை வந்து குந்துகிறது.

பார்க்க வேண்டிய ஆட்டம் 1953-இல் ஜூரிச்சில், உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் மார்க் தைமானவ் வெள்ளையிலும் மிகுவேல் நஜ்டோர்ஃப் கறுப்பிலும் ஆடியது. மேலே சொன்ன நிலையிலிருந்து 9.குதிரை இ1 குதிரை டி7 10.பிஷப் இ3 எஃப்5 11.எஃப்3 எஃப்4 12.பிஷப் எஃப்2 ஜி5 13.குதிரை டி3 குதிரை எஃப்6 14.சி5 குதிரை ஜி6 15.யானை சி1.

இந்த இடத்தில் உங்கள் கை எங்கே போகும்? என் கை ஜி4-க்குத்தான் போயிருக்கும். நஜ்டோர்ஃப் ஆடியது 15...யானை எஃப்7. அடுத்து 16...பிஷப் எஃப்8. அடித்து ஆடுகிறவர் யானையை ஒரு கட்டம் மேலே ஏற்றி, பெருமைக்குரிய ஜி7 பிஷப்பைப் பின்வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறார். முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பலகையில் வைத்துப் பாருங்கள். இரண்டு குதிரைகளும் இ7, டி7-ஐ விட்டுப் போய்விட்டதால், எஃப்7 யானை ஏழாம் வரிசை முழுக்கப் பார்க்கிறது. சி7-இல் இறங்க நினைக்கும் குதிரைக்கு அங்கே காவல். எஃப்8 பிஷப் டி6-ஐத் தாங்குகிறது. சி கோட்டிலும் டி6-இலும் வெள்ளை செய்யும் எல்லா வேலைக்கும் இந்த இரண்டு நகர்வுகளே பதில். அத்தோடு ஜி7 கட்டம் காலியாகிவிட்டது. யானை அங்கே போனால் வெள்ளை ராஜாவின் நேர் எதிரே நிற்கும். காவலுக்கு நின்ற அதே காய் அடுத்த நகர்வில் தாக்கும் காய். இது முடிந்த பிறகுதான் ஜி4, அதன்பின் 19...ஜி3. சிப்பாயைக் கொண்டுபோய் வெள்ளையின் வாயில் கொடுக்கிறார். எஃப்2-இல் இருக்கும் பிஷப்பைத் தாக்குவதால் வெள்ளை அதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது, எடுத்தால் கோடுகள் திறக்கும். நஜ்டோர்ஃப் வென்றார்.

36 ஆண்டுகள் கழித்து, 1989-இல் டில்பர்க்கில் டச்சு வீரர் பிக்கெட்டுக்கு எதிராகக் காஸ்பரோவ். அங்கும் யானை எஃப்7, அங்கும் பிஷப் எஃப்8. பிறகு சி8 பிஷப்பை டி7-க்கு நகர்த்தினார். அதனால் யானையின் பார்வை மறைந்து சி7 திறந்துவிட்டது. தெரிந்தே செய்தது. 19.குதிரை பி5 ஜி4 20.குதிரை சி7 ஜி3 21.குதிரை ஏ8 யானையை எடுத்தது, கறுப்பு திரும்பிக்கூடப் பார்க்காமல் 21...குதிரை எச்5. ஆட்டம் 28-ஆம் நகர்வில் முடிந்தது. ஏ8 யானையைக் கொடுத்த அந்தத் துணிச்சலைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய அந்த இரண்டு சலிப்பூட்டும் நகர்வுகள்.

ஆக, தாமதமாகிறது என்றால் பலகையில் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, எஃப்7, எஃப்8 வேலை முடிந்ததா. நம் தாக்குதல் தாமதமாக வருவதில்லை. வெள்ளையின் தாக்குதலை நாமே சீக்கிரம் வரவைத்துவிடுகிறோம். இரண்டு, வெள்ளையின் கறுப்புக் கட்ட பிஷப் எங்கே நிற்கிறது. எஃப்2-இல் என்றால் ஜி3 அதைத் தாக்கிக்கொண்டு வரும், ஒரு நகர்வு லாபம். வெள்ளை 10.குதிரை டி3, 11.பிஷப் டி2 என்று ஆடியிருந்தால் அந்தக் கொக்கி இல்லை. அப்போது எச்5 தள்ளி ஜி4-க்குத் தாங்கல் கொடுத்து, பொறுத்துத்தான் போக வேண்டும். வெள்ளைக் குதிரை பி5 வந்தால் நம் எஃப்6 குதிரையை இ8-க்கு இழுத்துக் காவல் போடக்கூட வேண்டியிருக்கும். பிஷப் டி2-இல் இருக்கும்போது எஃப்2 ஆட்டத்தின் நகர்வுகளை அப்படியே ஆடிப் பல புள்ளிகளைத் தாரைவார்த்திருக்கிறேன்.

அறிகுறி: வெள்ளைக் குதிரை இ4-இல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது

நாம் எஃப்5 தள்ளினோம், வெள்ளை இ சிப்பாயால் அதை எடுத்தார், நாம் பிஷப்பாலோ குதிரையாலோ திருப்பி எடுத்தோம். பழுது அங்கேதான். காயால் எடுத்தால் இ4-ஐக் காக்க நமக்குச் சிப்பாய் இல்லை. ஜி சிப்பாயால் எடுங்கள். ராஜா பக்கம் கொஞ்சம் காற்றோட்டமாகத் தெரியும், பரவாயில்லை. எஃப்5, இ5 என்று இரண்டு சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்கும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதி கைக்கு வந்த பிறகு அவற்றைப் படிக்கலாம்.

அறிகுறி: எட்டாவது நகர்விலேயே ராணிகள் போய்விட்டன, தாக்க ஒன்றுமில்லை

ஒரு மாவட்டப் போட்டியில் பதினோரு வயதுச் சிறுமியோடு கிங்ஸ் இந்தியன் ஆடினேன். 6.பிஷப் இ2 இ5 7.டி×இ5 டி×இ5 8.ராணி×டி8 யானை×டி8. ராணிகளை மாற்றிவிட்டு அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். நான் உட்கார்ந்து ஜி5, எச்5 என்று சிப்பாய்களை எறியத் தொடங்கினேன். ராணி இல்லாத பலகையில் யாரை மேட் செய்யப் போகிறோம் என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. அவள் குதிரை டி5-இல் வந்து இறங்கியபோது எழுந்தது.

முதலில், பயப்பட வேண்டாம்: 9.குதிரை×இ5 என்று சிப்பாயைத் தின்றால் 9...குதிரை×இ4, கணக்குச் சரியாகிவிடும். வெள்ளையின் சரியான நகர்வு 9.பிஷப் ஜி5. அது எஃப்6 குதிரையை டி8 யானையோடு சேர்த்துக் கட்டுகிறது, அடுத்து குதிரை டி5 வரும். எஃப்6-உம் சி7-உம் ஒரே சமயம் ஆபத்தில். அதற்கு 9...யானை இ8 போதும். 10.குதிரை டி5 குதிரை×டி5 11.சி×டி5 சி6, வெள்ளையின் சிப்பாயைக் கரைத்துவிடலாம்.

வெள்ளை அவசரப்படாமல் மெதுவாக ஆடினால் நமக்குத்தான் கொண்டாட்டம். அவருடைய சி4, இ4 சிப்பாய்கள் இரண்டும் முன்னே போய்விட்டன, டி4-ஐக் காக்க இனி அவருக்குச் சிப்பாயே இல்லை. நமக்கோ டி5-ஐக் காக்க சி6 இருக்கிறது. நம் ராணி பக்கக் குதிரை ஏ6, சி5, இ6 என்று நடந்து டி4-இல் குடியேறலாம். இருபது நகர்வு ஆகும், ஆகட்டும். சமன் என்று மாற்றிக்கொண்ட எதிராளி அந்தக் குதிரையைப் பார்த்துத்தான் முதன்முதலாக வியர்ப்பார்.

ராணி போனால் அடித்து ஆட முடியாது என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. வெள்ளை 5.எஃப்3 ஆடும் செமிஷ் முறையில் 5...கோட்டை 6.பிஷப் இ3 சி5 7.டி×சி5 டி×சி5 8.ராணி×டி8 யானை×டி8 9.பிஷப்×சி5 குதிரை சி6 என்று ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டே ஆடுகிறார்கள். ராணியும் இல்லை, சிப்பாயும் குறைவு; ஆனால் கறுப்பின் காய்கள் எல்லாம் வேலையில், வெள்ளையின் ராஜா பக்கம் இன்னும் தூக்கத்தில்.

அறிகுறி: டிராகனில் ஆறாவது நகர்விலேயே காய் காணாமல் போகிறது

1.இ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 குதிரை எஃப்6 5.குதிரை சி3 ஜி6 6.பிஷப் இ3. இப்போது 6...குதிரை ஜி4 என்று பிஷப்பை விரட்டத் தோன்றும். தோன்றட்டும், செய்யாதீர்கள். 7.பிஷப் பி5 செக். நாம் பிஷப் டி7 வைத்தால் அது கட்டுண்டுவிடும் (நகர்ந்தால் ராஜாவுக்குச் செக்), 8.ராணி×ஜி4 என்று குதிரை இலவசம். குதிரை சி6 வைத்தால் அங்கே வெட்டிக்கொண்டு பிஷப் ராஜாவையும் ஏ8 யானையையும் ஒன்றாகப் பிடிக்கும். 6...பிஷப் ஜி7 ஆடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அறிகுறி: டிராகனில் எச் கோட்டில் மேட்

தொடர்ச்சி இப்படிப் போகும்: 7.எஃப்3 குதிரை சி6 8.ராணி டி2 கோட்டை 9.பிஷப் சி4 பிஷப் டி7 10.ராணி பக்கக் கோட்டை, யானை சி8 11.பிஷப் பி3 குதிரை இ5 12.எச்4. இங்கே 12...எச்5 என்று தடுப்பைப் போடுங்கள். அதைப் போடாமல், வெள்ளை கொடுக்கும் எச்5 சிப்பாயைக் குதிரையால் தின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1974-இல் மாஸ்கோவில் கேண்டிடேட்ஸ் இறுதியின் இரண்டாவது ஆட்டம் சாட்சி. கார்ச்னாய் கறுப்பு, கார்போவ் வெள்ளை. கார்ச்னாய் தின்றார், கோடு திறந்தது, 27 நகர்வில் முடிந்தது.

அந்த ஆட்டத்தில் எல்லோரும் கடைசி அடிகளைப் பார்ப்பார்கள். கறுப்பு ஆடுகிற நாம் பார்க்க வேண்டியது 16-ஆவது நகர்வு: டி4 குதிரையைக் கார்போவ் இ2-க்குப் பின்வாங்கினார். தாக்குதலுக்கு நடுவில் எதற்கு? சி3-க்குக் காவல். டிராகன் ஆடுகிறவரின் மொத்த உயிரும் சி3-இல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் இந்த அறிகுறியின் சோதனை. தோற்ற டிராகன் ஆட்டங்களை எடுத்து, யானையால் சி3 குதிரையை வெட்டும் வாய்ப்பு எத்தனை முறை வந்தது, எத்தனை முறை யானையின் விலையை நினைத்துத் தயங்கினோம் என்று எண்ணுங்கள். வெட்டும் முன் ஒரே கேள்வி: வெள்ளை பி சிப்பாயால்தான் திருப்பி எடுக்க வேண்டுமா? ஆம் என்றால் அவர் ராஜாவின் கூரை போயிற்று. இ4 சிப்பாயும் பெரும்பாலும் கூடவே விழும். ராணியோ இன்னொரு குதிரையோ எடுக்க முடிந்தால் பொறுங்கள்.

டிராகன் வெறும் சூதாட்டம் என்று யாராவது சொன்னால் 1995-இன் நியூயார்க் உலகச் சாம்பியன்ஷிப்பைக் காட்டலாம். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்று முன்னிலை பெற்றார். பிறகு 11, 13-ஆம் ஆட்டங்களில் காஸ்பரோவ் கறுப்பில் டிராகனை எடுத்தார், இரண்டிலும் ஆனந்த் தோற்றார். நம்மூர்க்காரர்களுக்கு அது ஆறாத புண். டிராகன் படிக்கிறவருக்கு அந்த இரண்டு ஆட்டங்களும் பாடம்.

அறிகுறி: படித்தது எதுவும் பலகைக்கு வருவதே இல்லை

எதிராளி லண்டன், அலாபின் என்று வேறு தொடக்கங்களை ஆடுகிறார், நாம் ராத்திரி விழித்துப் படித்த பன்னிரண்டாவது நகர்வு நோட்டிலேயே தூங்குகிறது. கிளப் அளவில் இது பழுதே இல்லை, இயல்பு நிலை. படிக்கும் நேரத்தைத் திருப்பிப் போடுங்கள்: அடிக்கடி வருவதை முதலில்.

லண்டனில், அதாவது டி4 ஆடி பிஷப்பை எஃப்4-இல் வைக்கும் முறையில், வெள்ளையின் பிஷப் அங்கே போனதும் பி2 ஆளில்லாத வீடு. நம் வழக்கமான ஜி6, பிஷப் ஜி7, டி6, கோட்டை எல்லாம் அப்படியே. வெள்ளை எச்3 ஆடாமல் அசட்டையாக இருந்தால் குதிரையை எச்5-க்கு அனுப்பி அந்த பிஷப்பை வேட்டையாடலாம். எச்3 ஆடிவிட்டார் என்றால் சி5, ராணி பி6.

அலாபின், அதாவது 2.சி3, வந்தால் 2...டி5 3.இ×டி5 ராணி×டி5. ராணியை இவ்வளவு சீக்கிரம் வெளியே கொண்டுவரக் கூடாது என்பது பொது அறிவு. ஆனால் அதை விரட்ட வேண்டிய குதிரையின் சி3 கட்டத்தில் வெள்ளையே சிப்பாயை வைத்துவிட்டார், விரட்ட ஆளில்லை.

யாரும் எச்சரிக்காத ஒரு பொறி: 1.டி4 குதிரை எஃப்6 2.குதிரை சி3. வெள்ளை சி4 ஆடவில்லை என்பதைக் கவனிக்காமல் கை பழக்கத்தில் ஜி6 தள்ளினால், 3.இ4 வந்து நாம் படிக்கவே படிக்காத பிர்ச் தற்காப்புக்குள் இருப்போம். 2...டி5 ஆடி அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள்.

அறிகுறி: என்ஜின் எட்டாவது நகர்விலேயே வெள்ளைக்குச் சாதகம் என்கிறது, மனம் விட்டுப்போகிறது

கிங்ஸ் இந்தியனில் வெள்ளைக்கு இடம் அதிகம், என்ஜின், அதாவது நிலையை எண்ணாகக் கணிக்கும் கணினி நிரல், அதை எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைச் சாத்தியமாக்க வெள்ளை ஆட வேண்டிய நகர்வுகளை என்ஜின் ஆடும், உங்கள் எதிராளி ஆடுவாரா என்பது வேறு. எண்ணை மறைத்துவிட்டு, தைமானவ் ஆட்டத்தின் 12...ஜி5 நிலையைப் பலகையில் வையுங்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நண்பரோடு நான்கு ஆட்டம். நீங்கள் வெள்ளைப் பக்கம் உட்காருங்கள். எஃப்4, ஜி5 சிப்பாய்கள் உங்கள் ராஜாவை நோக்கி நிற்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே ராணி பக்கம் சி5 தள்ளிப் பாருங்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே உங்கள் கை ராஜாவை எச்1-க்கு நகர்த்தப் போகும். அப்படி நகர்த்திய இடத்தை ஸ்கோர் ஷீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பக்கம் மாறி உட்காரும்போது அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.